நூலின்றி நெய்த ஆடை

சென்ற மாதம் எமது கலாசாலை மாணவர் மன்றத்தில் நிகழ்ந்த சொற்போருக்கு நடுவனாயிருக்கும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. “மெய்நிகர் உலகில் ஆடை அணிகளைச் செய்து விற்றல் ஒரு தொழிலேயாம்” என்பது பொருள். இரு கட்சியினரும் திறம்படப் பேசினர். முடிவில், அது தொழிலன்று என்று வாதித்தார்க்கே வெற்றியெனத் தீர்ப்புக் கூறினேன். கூறியதோடு அமையாது, “உடுக்கமுடியாத ஆடையை விற்பவன் காற்றை அளந்து விற்பவனாவான்” என்று ஒரு வசனத்தையும் சேர்த்துவிட்டேன். மண்டபம் சிரித்தது. அவையைச் சிரிக்கவைத்த நடுவன் தன் தீர்ப்பை ஒருமுறை திருப்பிப் பார்த்தல் நன்று என்பதை அன்று யான் உணர்ந்திலேன். அத்தீர்ப்புப் பிழையென்று இன்று கருதுகின்றேன். அவையறியச் செய்த பிழையைப் பலரறியத் திருத்துதல் முறையாதலின் இக்கட்டுரையை எழுதலானேன்.

மறுநாட் காலை, தோற்ற கட்சியிற் பேசிய மாணவியொருத்தி ஆசிரியர் அறைக்கு வந்து வாயிலில் நின்றாள்.

“ஐயா, ஒன்று கேட்கலாமோ?”

“கேள் பிள்ளை” என்றேன்.

“எங்கள் அக்கா கனடாவில் இருக்கிறா. பகலிலே கடையொன்றில் வேலை. இரவிலே இப்படியான உலகமொன்றிலே சட்டை செய்து விற்கிறா. நேற்று ஐயா சொன்னதை நான் அவவுக்குச் சொல்லவில்லை. ஆனால் கையிலே பிடிக்க ஏலாததெல்லாம் காற்று என்றால், ஐயா எங்களுக்குப் படிப்பிக்கிற சொல்லும் காற்றுத்தானே?”

யான் உடனே விடை கூறவில்லை. உந்தியினின்று எழும் வளியே தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைபெற்று, நாவும் இதழும் முதலியவற்றின் முயற்சியால் எழுத்தாய்ப் பிறக்கின்றது என்று அவ்வாரந்தான் அவ்வகுப்பிற்குப் பிறப்பியல் படிப்பித்திருந்தேன். என் பாடத்தைக் கொண்டே என்னை மடக்கிய பிள்ளையைக் கோபித்தல் எங்ஙனம்? “இரு, முதலில் அஃது இன்னதென்று எனக்குக் காட்டு” என்றேன். அன்றிலிருந்து சில கிழமைகள் அம்மாணவியும், தொலைபேசி வாயிலாக அவள் தமக்கையும் எனக்கு ஆசிரியராயினர்.

இத்தகைய உலகங்களுள் நெடுங்காலம் நிலைத்து நிற்பதும் பலரறிந்ததும் ‘செகண்ட் லைஃப்’ என்பது. ‘இரண்டாம் வாழ்வு’ என்பது அப்பெயரின் பொருள். 1999 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே சான் பிரான்சிஸ்கோ நகரில் பிலிப் ரோஸ்டேல் என்பார் தொடக்கிய ‘லிண்டன் லாப்’ என்னும் நிறுவனம் 2003 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இதனைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. கணினித் திரையிலே நிலமும் கடலும் வீதியும் வீடும் தோன்றும். உட்புகுவோர் ஒவ்வொருவரும் தமக்கென ஓர் உருவம் எடுப்பர். அவ்வுருவத்தை அவர்கள் ‘அவதார்’ என்பர். நாம் வழங்கும் அவதாரம் என்னும் வடசொல்லே அது. அங்கே வென்று முடிக்கவேண்டிய ஆட்டம் எதுவுமில்லை. நடக்கலாம், பறக்கலாம், பேசலாம், நிலம் வாங்கலாம், கடை வைக்கலாம்.

அவ்வுலகில் உள்ள ஆடை அணி, கதிரை, மேசை, மரம், மாளிகை ஆகியவற்றுட் பெரும்பாலானவற்றை ஆக்கியவர் நிறுவனத்தாரல்லர், குடியிருப்போரே. 2003 ஆம் ஆண்டு நவம்பரில், குடியிருப்போர் தாம் ஆக்கிய பொருளின் ஆக்கவுரிமையைத் தாமே வைத்திருக்கலாம் என்று நிறுவனம் அறிவித்தது. அதுவே அங்கே வாணிகம் தழைத்தற்கு வித்தாயிற்று. அவ்வுலகின் நாணயம் ‘லிண்டன் டொலர்’. அதனை மெய்யான அமெரிக்க டொலராக மாற்றிக்கொள்ளுதற்கு 2005 ஆம் ஆண்டில் நிறுவனமே ஒரு நாணய மாற்றுச் சந்தையை அமைத்தது. பன்னெடுங்காலம் ஓர் அமெரிக்க டொலருக்கு ஏறத்தாழ 250 லிண்டன் என்பதே அங்கு நிலவிய மதிப்பு. நன்கு தைத்த சட்டையொன்று ஒரு டொலர் அளவிலேயே விலைபோகும். ஆகவே ஒரு சட்டையால் எவரும் செல்வராவதில்லை. பலர் வாங்கினாற்றான் உழைப்புக்குக் கூலி தேறும்.

‘தைத்த’ என்று கூறினேன். இச்சொல்லைப் பிழையென்று கொள்ளற்க. தொடக்க காலத்திலே அவதாரத்தின் உடலை மேல், கீழ் என வகுத்து விரித்த அச்சுப்படம் ஒன்று வழங்கப்பட்டது. ஆக்குவோர் அதன்மேல் ஆடையின் நிறத்தையும் நெசவையும் மடிப்பையும் நிழலையும் புள்ளி புள்ளியாக வரைவர். உடலின் முன்புறமும் பின்புறமும் பக்கவாட்டிற் கூடுமிடத்தே கோடுகள் பிசகாது பொருந்தவேண்டும்; ஒரு புள்ளி விலகினும் மூட்டுத் தெரிந்துவிடும். வரைந்த படமொன்றை அவ்வுலகினுள் ஏற்றுதற்கு அக்காலத்திற் கட்டணம் 10 லிண்டனாக இருந்தது. பொருந்தாவிடின் திருத்தி மீளவும் ஏற்றவேண்டும், மீளவும் கட்டவேண்டும். பாவாடை காற்றில் அசைதல் வேண்டுமென்றால், வளையுந்தன்மை கொடுத்த சிறு பலகை போன்ற துண்டுகளை இடையைச் சுற்றி ஒவ்வொன்றாக அடுக்கினர்.

2011 ஆம் ஆண்டில் ‘மெஷ்’ என்னும் வலைப்பின்னல் உருவங்கள் அவ்வுலகினுள் ஏற்கப்பட்டபின் தொழில் மேலும் நுண்ணியதாயிற்று. இப்போது பலர் முதலில் துணித்துண்டுகளை வெட்டுவதுபோலத் திரையில் வெட்டுகின்றனர். கொரிய நாட்டில் ஆக்கப்பெற்ற ‘மாவலஸ் டிசைனர்’ என்னும் கருவியிலே முன்பாகம், பின்பாகம், கை, கழுத்துப்பட்டி எனத் தனித்தனி வரைந்து, எந்த விளிம்பு எந்த விளிம்போடு சேரும் என்று காட்டினால், துணி உடல்மேல் விழுந்து மடியும். மாணவியின் தமக்கைக்கு இது எளிதில் கைவந்தது. அவளுடைய தாயார் இங்கே தையல் இயந்திரம் மிதித்துப் பிள்ளைகளை வளர்த்தவர். “அம்மா கடதாசியில் வெட்டினதைத்தான் ஐயா நான் திரையிலே வெட்டுறன்” என்று அவள் கூறினாள். அதன்பின் அவ்வாடையைக் கண்ணிகள் குறைந்த வலையாக்கி, உடல் எலும்புச் சட்டகத்தோடு பிணைத்து, தோள் உயரும்போது துணி எத்துணை உயரவேண்டும், முழங்கால் மடியும்போது எத்துணை மடியவேண்டும் என்று அளவு கொடுத்தல் வேண்டும். அங்குள்ளோர் விரும்பியணியும் உடல்வகைகளோ பல. ஒவ்வொன்றிற்கும் அளவு வேறு. ஆதலின் ஒரு சட்டையைப் பலமுறை தைக்கவேண்டும். ஒரு சட்டைக்குத் தனக்கு மூன்று கிழமை இரவுகள் செல்லுமென்று அவள் சொன்னாள்.

இனி யான் அன்று மேற்கொண்ட தடைகளை யானே ஆராய்வேன். பொருளின்மை முதலாவது தடை. தொட்டறியப்படாதது பொருளன்று, பொருளல்லாததை ஆக்குவது தொழிலன்று என்பது என் வாதம். இவ்வாதம் நிற்குமாயின் இசை பாடுவோன் தொழில்செய்பவனல்லன், கதை கூறுவோனும் அல்லன், ஆசிரியனும் அல்லன். பொருநராற்றுப்படையிலே, பொருநனுக்கு அளித்த ஆடை பாம்பின் உரி போன்றிருந்தது, இழை ஓடும் வழியைக் கண் காணமாட்டாது என்ற கருத்து வருகின்றது. அதனைப் படிப்பிக்கும் யாம் துணியின் கனத்தையா வியக்கின்றோம்? நெய்தவனின் நுண்மையையே வியக்கின்றோம். ஆடைக்கு மதிப்புத் தருவது பஞ்சின் நிறையன்று. அதில் அடங்கிய அறிவும் கைத்திறனும் பொறுமையும் ஆம். இம்மூன்றும் அப்பெண்ணின் சட்டையில் உள. இல்லாதது பஞ்சொன்றே.

வீண் ஆடம்பரம் என்பது இரண்டாவது தடை. மெய்யுடலுக்கு ஆடையின்றி வருந்துவோர் இருக்க, நிழலுடலுக்கு ஆடை வாங்குதல் அறமாமோ என்பார் உளர். இக்கேள்வி நேரியதே. ஆயினும் இக்கேள்வியை நிழலாடை வாங்குவோரிடத்து மாத்திரம் கேட்டல் நடுவுநிலைமையன்று. கலியாண வீட்டிற்கு ஒருமுறை உடுத்துப் பெட்டியில் வைக்கும் பட்டுச்சேலையைப் பற்றியும் அதே கேள்வியைக் கேட்கவேண்டும். பட்டு வாங்குவோனைப் பழிக்கினும் பட்டு நெய்வோனைப் பழித்தல் வழக்கன்று. அன்றியும் அவ்வுலகத்தார் அறத்தை மறந்தாரல்லர். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்திற்கு நிதி திரட்டும் முயற்சி 2005 ஆம் ஆண்டு தொட்டு ஆண்டுதோறும் அங்கு நடைபெற்று வந்துள்ளது. ஆடை செய்வோர் அதற்கெனச் சந்தை கூட்டி, தனிப் பொருள்களை ஆக்கி, விற்ற பணத்தைக் கொடுக்கின்றனர். நிழலாடையின் விலை மெய்யான நோயாளர்க்கு உதவியிருக்கின்றது.

சூது என்பது மூன்றாவது தடை. இதில் ஒருபுடை உண்மையுண்டு என்பதை மறைக்கமாட்டேன். நிழல் நிலத்தை வாங்கி விற்றுப் பெருஞ்செல்வம் ஈட்டியோர் கதை 2006 ஆம் ஆண்டளவில் உலகப் பத்திரிகைகளில் வந்தது. அக்கதையைக் கேட்டு ஓடியோர் பலர். அங்கே சூதாட்டக் களங்களும் தோன்றின. 2007 ஆம் ஆண்டில் நிறுவனம் அவற்றைத் தடைசெய்தது. மிகுந்த வட்டி தருவோம் என்ற ‘வங்கி’களும் தோன்றின, அவற்றுள் ஒன்று அவ்வாண்டிலேயே சரிந்து பலர் பணத்தை விழுங்கிற்று, 2008 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவையும் விலக்கப்பட்டன. ஆயின் இவையெல்லாம் கைத்தொழிலின் குற்றமாமோ? ஊர்ச் சந்தையிலே ஒரு மூலையிற் சூதாடுவோர் இருத்தலால் மறு மூலையிற் பாய் விற்கும் கிழவி சூதாடியாகாள். யான் அன்று இருவரையும் ஒன்றாக வைத்து எண்ணியதே என் பிழை.

மற்றுமொன்று. 2006 ஆம் ஆண்டு ஜூனில் ‘அமெரிக்கன் அப்பாரல்’ என்னும் பெரிய ஆடை நிறுவனம் அவ்வுலகிலே கடை திறந்தது. அடுத்த ஆண்டிலேயே மூடிவிட்டது. வேறு பெருநிறுவனங்களும் வந்து சென்றன. சிறு கைவினைஞரோ நிலைத்தனர். அங்கு வாழ்வோர்க்கு எது பொருந்தும் என்பதை அங்கு வாழ்ந்தவரே அறிந்திருந்தனர் என்பதே இதற்குக் காரணமென்று கருதுகின்றேன். பெயர்ப்பலகையின் பெருமை அங்கு விலைபோகவில்லை. வேலையின் செம்மையே விலைபோயிற்று. தொழில் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இனி இக்கட்டுரையின் தலையாய பகுதிக்கு வருகின்றேன். தமக்கை கூறியவற்றுள் என் உள்ளத்தைத் தைத்தது உழைப்புப் பற்றிய செய்தியன்று. ஒருநாள் அவள் செய்த சட்டையொன்றை எவரோ களவாகப் படியெடுத்து, கேட்டார்க்கெல்லாம் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தாராம். “காசு போனது போகட்டும் ஐயா. ஆக்கினவர் என்று என்ர பெயர் இருந்த இடத்திலே வேறொரு பெயர் இருந்தது. அதைத்தான் பார்க்க ஏலாமல் போச்சுது” என்றாள்.

இதன் பின்னணியை விளக்குவேன். செகண்ட் லைஃப் போன்ற உலகில் ஒவ்வொரு பொருளின் அகத்தும் அதை ஆக்கியவர் பெயரும் உடையவர் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். எவரும் திறந்து பார்க்கலாம். பொருள் கைமாற உடையவர் பெயர் மாறும். ஆக்கியவர் பெயர் மாறாது. விற்போர், வாங்கியவர் அதனைப் படியெடுக்கலாமோ, மாற்றியமைக்கலாமோ, பிறர்க்குக் கொடுக்கலாமோ என்று மூவகை அனுமதியையும் வரையறுக்கலாம். ஆயின் இவ்வேலிக்குள் ஓர் ஓட்டை உண்டு. ஒரு சட்டை பிறர் கண்ணிற் படவேண்டுமாயின் அதன் உருவும் நிறமும் அப்பிறருடைய கணினிக்கு அனுப்பப்பட்டேயாகவேண்டும். அனுப்பப்பட்டதைப் பிடித்துவைக்க வல்ல நிரல் அதனைப் படியெடுத்துவிடும். 2006 ஆம் ஆண்டு நவம்பரில் ‘கொப்பிபொட்’ என்னும் நிரல் இவ்வாறு வெளிப்பட்டபோது, ஆடை செய்வோரும் தளபாடம் செய்வோரும் தம் கடைகளை அடைத்து எதிர்ப்புத் தெரிவித்தனர். அதனைக் கொண்டு களவெடுத்தல் விதிமீறலென நிறுவனம் அறிவித்தது. 2007 ஆம் ஆண்டில் ஆடை, பாதணி, தளபாடம் முதலியன ஆக்குவோர் அறுவர் சேர்ந்து, தம் பொருள்களைப் படியெடுத்து விற்றார் ஒருவர்மீது நியூயோர்க் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். அவ்வாண்டு முடிவதற்குள் அது வழக்காளர் பக்கமாக இணக்கத்தில் முடிந்தது. தொடுதற்கரிய பொருளே ஆயினும் களவு களவே என்பதை மெய்யுலக நீதிமன்றின் வாயிலாகவே அவர்கள் நிலைநாட்டினர்.

படியெடுத்தலை யாம் பழிக்கலாமோ, ஏடு பெயர்த்தெழுதியோராலன்றோ நம் நூல்கள் பிழைத்தன என்று ஒருவர் வினாவலாம். நன்று. ஏடு பெயர்த்தவர் பன்னாள் இருந்து, கண்ணும் கையும் நோவ எழுதினார். ஆக்கியோன் பெயரை அழித்துத் தம் பெயரை எழுதினாரல்லர். சிறப்புப் பாயிரத்தின் இலக்கணம் கூறுமிடத்து, நூலைப்பற்றி உரைக்கவேண்டிய எட்டனுள் ஆக்கியோன் பெயரையே நன்னூலார் முதலில் வைத்தார். நூலின் பெயரும் அதற்குப் பின்னரே வருகின்றது. ஆக்கியோனை மறைத்துவிட்டு ஆக்கத்தைப் போற்றுதல் நம் மரபன்று.

இதனை ஏட்டளவில் மாத்திரம் யான் அறிந்தேனல்லேன். ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், பரீட்சைக்குத் தோற்றும் ஏழை மாணவர்க்காக இலக்கண வினாவிடைக் குறிப்புகளை எழுதி ரோணியோ செய்து சும்மா கொடுத்தேன். சில ஆண்டுகளின் பின் ஒரு புத்தகக்கடையில் அவை அச்சுநூலாக இருக்கக் கண்டேன். எழுத்துப்பிழைகள்கூட என்னுடையவையே. அட்டையிலே வேறொருவர் பெயர் இருந்தது. யான் விலைக்கு எழுதியவனல்லன். ஆதலின் எனக்குப் பண நட்டம் ஒரு சதமும் இல்லை. ஆயினும் அன்றிரவு யான் உறங்கவில்லை. அந்தப் பெண் தொலைபேசியிற் கூறியதைக் கேட்டபோது அந்த இரவு மீண்டும் வந்தது. அவள் செய்தது காற்றன்று. என் குறிப்பு எனக்கு எதுவோ அவள் சட்டை அவளுக்கு அதுவே என்பதை அப்போதே உணர்ந்தேன்.

ஆக்குவோர்க்கு இன்னொரு கவலையும் உண்டு. அது நிலம் பற்றியது. பெயர் தனதாயினும், பட்டறை நிற்கும் நிலம் பிறனது. செகண்ட் லைஃப் தொடங்கிய அதே 2003 ஆம் ஆண்டில் ‘தெயர்’ என்னும் வேறோர் உலகமும் திறக்கப்பட்டது. அங்கும் மக்கள் ஆடை வரைந்து விற்றனர். 2010 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அது மூடப்பட்டது. 2012 இல் மீளத் திறந்தனராயினும், இடைப்பட்ட காலத்தில் ஆக்கியோன் கடைக்கு யார் வழி காட்டுவார்? வெள்ளம் வந்தாற் பாயையும் பானையையும் தலையிற் சுமந்துகொண்டு ஓடலாம். இவ்வுலகம் அணைந்தால் எதனைச் சுமப்பது? உரிமை ஆக்கியோனது என்ற அறிவிப்பு நல்லதே. ஆயின் பொருள் நிற்குமிடம் அழியும்போது அவ்வுரிமை வெறுங்கையிற் பிடித்த உறுதி போலாகின்றது.

ஆயினும் அவர்கள் குரலற்ற குடிகளாகவும் இருந்திலர். 2003 ஆம் ஆண்டில் செகண்ட் லைஃப் நிறுவனம் ஆக்கிய பொருளின் அளவுக்கேற்ப வரி விதித்தபோது, 1773 ஆம் ஆண்டிலே பொஸ்தன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலிற் கொட்டிய அமெரிக்கரை நினைந்து, குடியிருப்போர் பெருந்தேயிலைப் பெட்டிகளை உருவாக்கிக் குவித்து எதிர்த்தனர். அவ்வரிமுறை பின்னர் கைவிடப்பட்டது. வெறும் விளையாட்டென்று நினைத்தவர் வரிக்கு எதிராக ஒன்றுகூடார். தம் தொழிலென்று நினைத்தவரே கூடுவர்.

இவற்றை எண்ணி யான் கூறவிரும்புவன மூன்று. ஆக்குவோர், வரைந்த மூலப்படங்களையும் வெட்டுகளையும் நாள் குறித்துத் தம் கைவசம் வைத்துக்கொள்க. பட்டறை அழியினும் அச்சு எஞ்சும். களவெடுத்தவனோடு வழக்காடவும் அதுவே சான்றாகும். வாங்குவோர், சும்மா கிடைக்கின்றதென்று எடுக்குமுன் ஆக்கியோன் பெயரைப் பார்க்க. ஒரு டொலர் மிச்சமாவதற்காக ஒருத்தியின் மூன்று கிழமை இரவுகளைக் களவாடற்க. என்போன்ற ஆசிரியர்க்கும் ஒன்று சொல்வேன். நாம் படிப்பிக்கும் பழைய நூல்களிலே மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒரு புலவர் பெயர் வருகின்றது. துணி விற்றவரைப் புலவர் வரிசையில் வைத்து, அவருடைய தொழிலையும் பெயரோடு சேர்த்தே போற்றிய மரபு நம்முடையது. நம் பிள்ளைகள் புதிதாக ஒரு தொழிலைக் கைக்கொண்டு வரும்போது, அஃது எமக்கு விளங்கவில்லை என்பதனாலேயே அதனை எள்ளி நகையாடும் உரிமை நமக்கில்லை. முதலில் அவர்கள் வேலையைக் காட்டச் சொல்லிப் பார்த்தல் வேண்டும். இருளில் இருந்து தீர்ப்புக் கூறுவோன் நடுவனல்லன்.

சொற்போரில் வென்றார்க்குக் கிண்ணம் கொடுத்தாயிற்று. அவர்கள் நன்றாகப் பேசியே வென்றனர். அதனை மீளப்பெறும் எண்ணம் எனக்கில்லை. ஆயின் ‘காற்றை அளந்து விற்பவன்’ என்ற என் வசனத்தை மீளப்பெறுகின்றேன். வருகின்ற மன்றக் கூட்டத்திலும் இதனை எழுந்து நின்று சொல்வேன். அம்மாணவியிடம் இதனைத் தெரிவித்தபோது அவள், “அப்ப இனி அக்காவுக்குச் சொல்லலாம் ஐயா” என்றாள். எதனைச் சொல்வாள் என்று யான் கேட்கவில்லை. என் பிழையையும் சேர்த்தே சொல்லுக.